நடுக்கூடத்துப் பாயசப் பாத்திரம்

அத்தியாயம் 14

செங்கல்பட்டு மேட்டுத் தெருவுல இருக்கற இருசப்பன் வூடு இனிமே வூடு இல்ல, மியூசியம்னு மூத்த மகன் சிவப்பிரகாசம் முடிவு பண்ணினதைப் போன வாரம் பாத்தோம். நிலைக்கண்ணாடி, சரவிளக்கு, பீங்கான், தேக்கு அலமாரி எல்லாத்துக்கும் நம்பர் ஒட்டியாச்சு. வாசல் சுவத்துல கல்லும் பதிச்சாச்சு. 'இருசப்ப பூபதி அலங்காரக் கலைப்பொருள் மாளிகை. அரசு அங்கீகாரம் பெற்றது. நிறுவனர்: கலைக்காவலர் சிவப்பிரகாசம்.'

அரசு இன்னும் அங்கீகாரம் குடுக்கல. மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வந்து பாத்து எழுதினாத்தான் உண்டு. கலைக்காவலர் பட்டத்தையும் யாரும் குடுக்கல. கல்லு வெட்டின சடையப்பன், சொன்னதை வெட்டறவன். பொய்யா நெசமான்னு அவன் ஏன் கேக்கப் போறான்.

இந்தக் கூத்துல நெசமாவே பறிபோறதுக்கு ஒண்ணு இருந்தது சகுந்தலாவுக்கு மட்டும்தான். சிவப்பிரகாசத்தோட தங்கச்சி. பத்தொம்பது வயசுல தாலி அறுத்துட்டு வந்து, இருபது வருஷமா பின்கட்டு மாடி ரூம்ல இருக்கா. அந்த ரூம்ல இனிமே காப்பாளர்தான் இருக்கணுமாம். அந்த வேலைய எனக்குக் குடு அண்ணேன்னு கேட்டுப் பாத்தா.

"நீ தூசி தட்டறவ. காப்பாளருன்னா படிச்சவன் வேணும்"னு சொல்லிட்டாரு.

படிச்சவன் வேற யாரு. பொண்டாட்டி வச்சலாவோட தம்பி ராமானுஜம்தான். வரலாறு எம்.ஏ. மூணு தடவை பரீட்சை எழுதினவன். எழுதின மூணுல ரெண்டைப் பத்தி அந்த வூட்டுல யாரும் பேசறதில்ல.

சகுந்தலா எங்க போறது? கல்பாக்கத்துக்கு. அதையும் அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

திறப்பு விழா வியாழக்கிழமை. காலையில எட்டு மணிக்கே சின்னவன் பன்னீர்செல்வம் வேனோட வந்து நின்னான். அணுமின் நிலையத்துல டெக்னீசியன். நல்லவன்தான். ஆனா நல்லவனா இருக்கறதுக்கு ஒரு பைசா செலவாகும்னா யோசிப்பான்.

சகுந்தலாவோட டிரங்குப் பெட்டிய அவளைக் கேக்காமலே கீழ இறக்கிட்டான்.

"அக்கா, மூணு மணிக்கெல்லாம் கெளம்பிடணும். வேன் நம்மளுது இல்ல, ஃபிரெண்டோடது."

"நான் வரேன்னு சொன்னனா?"

"அண்ணன் சொன்னாரே."

"அப்ப அண்ணனை ஏத்திக்கினு போ."

"இன்னாக்கா நீ. குவார்ட்டர்ஸ் ஜம்முனு கீது. கொழாயத் தொறந்தா தண்ணி. எங்க வூட்டுல லதாவுக்கும் இது ஆறாவது மாசம், பெரியவனைப் பாத்துக்க ஆள் இல்ல. உனக்கும் ஒரு..."

"எனக்கும் ஒரு?"

"பொழுது போவும்."

"ஆயா வெச்சா சம்பளம் குடுக்கணும். அக்காவுக்கு சோறு போட்டா போதும். அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா?"

பன்னீர்செல்வம் டிரங்கைத் தூக்கி வேன்ல வெச்சான். பதில் சொல்றதை விட டிரங்கு லேசா இருந்துச்சு.

கூடத்துல ராமானுஜம் சத்தமா வாசிச்சுக்கினு இருந்தான். சில்க் ஜிப்பா, கழுத்துல துண்டு. கையில அவனே எழுதின 'மாளிகை வரலாறு'. விழாவுல படிக்கறதுக்கு ஒத்திகை.

"பல்லவர் கடற்படைத் தளபதியின் வழித்தோன்றலும், சதுரங்கப்பட்டினத்து டச்சு ஆளுநரோடு சரிசமமாக அமர்ந்து விருந்துண்டவருமாகிய இருசப்ப பூபதி அவர்கள்..."

சகுந்தலா சரவிளக்குக்குக் கீழ ஸ்டூல் போட்டு ஏறி நின்னுக்கினு தொங்கட்டானைத் தொடைச்சா. அங்கேர்ந்தே கேட்டா. "டச்சுக்காரன் அந்தச் சதுரங்கப்பட்டினத்தை, நம்ம சதுராஸை, விட்டுப் போயி நூத்தம்பது வருஷம் ஆவுதே. எங்கப்பா செத்து எட்டு வருஷம்தானே ஆச்சு?"

ராமானுஜம் தாளைப் பாத்தான். "அது... வரலாறுன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"நூத்தம்பது வருஷம் முன்ன பின்னயா?"

"அக்கா, உங்க மாதிரி ஆளுங்களுக்காக இத எழுதல. அறிஞர்களுக்காக எழுதினது."

அந்த அறிஞர் எழுதாத வரலாறை நான் சொல்லிடறேன், ஒரு நிமிஷம்தான் ஆவும்.

இந்த வூட்டைக் கட்டினது ஒரு வக்கீலு, ரெண்டாந்தாரத்துக்காக. அந்தம்மா குடி வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டா. ராசியில்லாத வூடுன்னு யாரும் வாங்கல. யுத்த சமயத்துல, சதுராஸ்லேர்ந்து மாட்டு வண்டியில கருவாடு ஏத்திக்கினு வந்து வித்துக்கினு இருந்த இருசப்பன் கைக்கு வந்துச்சு. நாப்பத்தேழுல வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். உப்பளத்து துரை பங்களாவுல இருந்ததையெல்லாம் ஏலம் விட்டாங்க. இருசப்பனுக்குப் படிக்கத் தெரியாது. எது பளபளன்னு இருந்துச்சோ அதுக்கெல்லாம் கையத் தூக்கினாரு. வாங்கினதைக் கருவாட்டுச் சாக்குல சுத்தி, கருவாட்டு வண்டியிலேயே ஏத்தி வந்து எறக்கினாரு. மழைக்காலத்துல அந்த நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னா ரொம்ப வருஷம் கருவாட்டு வாசனை வரும்.

அவ்வளவுதான். கேவலமா இதுல ஒண்ணும் இல்ல. கேவலம் எங்கன்னா, அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கினே அந்த சோத்தைத் தின்னு வளர்ந்த பசங்ககிட்ட.

பத்தரை மணிக்கு வாசல்ல மாலை, தட்டு, மேளம் எல்லாம் ரெடி. ஆபீசர் கார்ல வருவாருன்னு தெரு முனையவே பாத்துக்கினு நின்னாங்க. ரயில்ல வந்து, ஸ்டேஷன்லேர்ந்து குடை புடிச்சு நடந்தே வந்த ஒல்லியான மனுஷன் ஒருத்தர் வாசல்ல ஏறினாரு. சட்டைப் பையில மை ஊறியிருந்துச்சு.

ராமானுஜம் அவரைத் தடுத்தான். "மீட்டர் பாக்கறதுன்னா பக்கத்துச் சந்து வழியா போய்யா. பெரியவங்க வர்ற நேரம்."

அவரும் குடைய மடக்கிக்கினு சந்து வழியா போனாரு.

பின்னாடி கொழாயடியில சகுந்தலா வெள்ளி டம்ளருங்களைக் கழுவிக்கினு இருந்தா. ஒவ்வொண்ணையும் கழுவி, கவுத்து, அடியைத் தடவிப் பாத்து வெச்சா.

"ஏம்மா அடியைப் பாக்கறீங்க?"

"மூணு டம்ளரு நம்மளுது இல்ல. பக்கத்து வூட்டுல எரவல். அடியில அவங்க பேரு வெட்டியிருக்கும். கலந்துட்டா வம்பு." திரும்பிப் பாத்தா. "நீங்க யாரு?"

"பூவராகவன். மெட்ராஸ்லேர்ந்து வரேன். மியூசியம் பாக்கச் சொல்லியிருக்காங்க."

சகுந்தலா எழுந்து சேலையில கையத் தொடைச்சுக்கினா. "ஏன் இந்த வழியா வந்தீங்க?"

"முன்னாடி இருந்தவரு அனுப்பினாரு."

அவளுக்கு சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கினு ஒரு சொம்பு தண்ணி குடுத்தா.

கூடத்துக்குள்ள பின்பக்கமா ஆபீசர் வந்து நின்னதும் சிவப்பிரகாசத்துக்கு வேர்த்துப் போச்சு. மாலையத் தூக்கிக்கினு ஓடி வந்தாரு. ராமானுஜம் "சார், தாங்கள்னு தெரியாம..."ன்னு இழுத்தான். பூவராகவன் மாலைய வாங்கி நாற்காலி மேல வெச்சுட்டு, முதல் அலமாரிகிட்ட போனாரு.

அவரு பாக்கற விதம் வேற மாதிரி இருந்துச்சு. கார்டைப் படிக்கல. சாமானைக் கையில எடுத்தாரு, கவுத்தாரு, அடியைப் பாத்தாரு, வெச்சாரு.

"சார், பத்திரம். அது டச்சுக்காரங்க பூச்சாடி"ன்னான் ராமானுஜம்.

"அடியில ஜப்பான்னு எழுதியிருக்கே."

ராமானுஜம் எட்டிப் பாத்தான். ரெண்டு வருஷமா அந்தச் சாடியப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கான். ஒரு நாளும் அதைக் கையில எடுத்ததில்ல.

அடுத்ததை எடுக்காமலே கேட்டாரு ஆபீசர். "இந்தத் தட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

ராமானுஜம் சரவிளக்கைப் பாத்தான். சரவிளக்குல எழுதியிருக்கற மாதிரி.

கதவோரமா நின்னுக்கினு இருந்த சகுந்தலா சொன்னா. "ஒரு கிரீடம் சார். கீழ நங்கூரம். வலது பக்கம் ஒரு சொட்டு மசி சிந்தின மாதிரி இருக்கும். எவ்வளவு தேச்சாலும் போவல, சூளையிலேயே விழுந்தது போல."

பூவராகவன் தட்டைத் திருப்பினாரு. கிரீடம். நங்கூரம். சொட்டு மசி.

"இந்தக் கோப்பை?"

"ஆறுல நாலுக்கு ஒரே முத்திரை. ரெண்டு வேற. அந்த ரெண்டும் பின்னாடி சேர்த்தது. காது கொஞ்சம் தடியா இருக்கும்."

அப்படியே ஏழு சாமான் கேட்டாரு. ஏழுக்கும் சொன்னா. நிலைக்கண்ணாடிக்குப் பின்னாடி பலகையில பென்சில்ல இங்கிலீஷ்ல ஒரு பேரு கிறுக்கியிருக்குன்னு சொன்னா. அலமாரி இழுப்பறையில மூணாவது மட்டும் வேற மரம்னு சொன்னா.

"எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா இதெல்லாம்?"

"எழுதல சார். வாராவாரம் கழுவறேன்."

சிவப்பிரகாசம் சிரிக்கற மாதிரி பல்லைக் காட்டினாரு. அந்தப் பல்லை வெச்சுக்கினே தங்கச்சியை நடைப்பக்கம் தள்ளிக்கினு போனாரு.

"ஏய், ரொம்ப வாய் நீளுது உனக்கு. அந்தாளு இனிமே இன்னா கேட்டாலும் மச்சான் எழுதினதையே சொல்லு. கருவாடு, கிருவாடுன்னு வாயே தொறக்கக் கூடாது."

"சொன்னா?"

"ரூம் உனக்குத்தான். வேனைத் திருப்பி அனுப்பிடறேன். சாவற வரைக்கும் இங்கியே கெட."

"வேலை?"

"வேலை அவனுக்கு. ரூம் உனக்கு. போதாதா?"

சகுந்தலாவுக்குப் போதும்தான். காலையில எட்டு மணிக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா அவ கும்புட்டு வாங்கியிருப்பா.

"சரி அண்ணே"ன்னா.

சப்-கலெக்டர் பதினோரு மணிக்கு வந்தாரு. சின்ன வயசு, நல்ல பையன் மாதிரி இருந்தாரு. கூடவே ரைஸ் மில் சங்கத் தலைவரு, நாலு பெரிய மனுஷங்க. ரிப்பன் வெட்டினாங்க. ராமானுஜம் வரலாறு படிச்சான். பல்லவர் வந்தாங்க, டச்சுக்காரன் வந்தான், கருவாடு மட்டும் வரல. எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்தது பாயசம்.

கூடத்துக்கு நடுவுல வட்ட டேபிள். அதுமேல பட்டுத் துணி. அதுமேல அந்தப் பாத்திரம். வெள்ளைப் பீங்கான், நீலப்பூ, விளிம்புல தங்கக் கோடு, ஒத்தைக் கைப்பிடி. கார்டுல 'எண் 1. டச்சு ஆளுநர் விருந்தில் பயன்படுத்தப்பட்ட பாயசப் பாத்திரம்.'

இருசப்பன் துரை பங்களாவுல ஏலம் எடுத்த சாமான்ல அதுவும் ஒண்ணு. அந்த வூட்டுல நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பாயசம் அதுலதான். சாதாரண ஜனத்துக்கு அண்டாவுலேர்ந்து. சம்பந்திக்கும் பெரிய மனுஷனுக்கும் மட்டும் இதுலேர்ந்து. இது எங்க குடும்ப கௌரவம்னு வச்சலா சொல்லுவா.

அது இன்னா பாத்திரம்னு அந்த வூட்டுல தெரிஞ்ச ஒரே ஆள் சகுந்தலாதான். தாலி அறுத்துட்டு வந்த புதுசுல மிஷன் ஆஸ்பத்திரியில ஆறு வருஷம் வேலை பாத்தா. அங்க வெள்ளைக்கார மேட்ரனம்மா பங்களாவுல, கட்டிலுக்கு அடியில, இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ராத்திரியில எழுந்து வெளிய போவ சோம்பப்படறவங்களுக்கு வெச்சது. எதுக்குன்னு இதுக்கு மேல நான் விளக்க வேணாம்.

தெரிஞ்சும் அவ ஏன் சொல்லல? சொல்லத்தான் போனா. வச்சலாவோட பொண்ணு ரத்னா கல்யாணத்தன்னிக்குக் காலையில. "நீ கூடத்துப் பக்கம் வந்து நிக்காத, சம்பந்திங்க முன்னாடி அபசகுனம்"னு வச்சலா சொல்லிட்டா. சரின்னு சமையல்கட்டு வாசப்படியிலேயே நின்னா சகுந்தலா. சம்பந்திங்க ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சதைப் பாத்துக்கினே நின்னா. அபசகுனம் யாரு, எதுன்னு அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு.

வச்சலா இன்னிக்கு அரக்குப் பட்டுல வந்து கரண்டியப் புடிச்சா. சப்-கலெக்டருக்கு ஒரு டம்ளரு. ரைஸ் மில் தலைவருக்கு ஒரு டம்ளரு. பூவராகவன்கிட்ட நீட்டினா.

அவரு பாத்திரத்தைப் பாத்தாரு. ரெண்டு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் மூஞ்சியில ஒண்ணுமே இல்லாம சொன்னாரு, "எனக்கு சக்கரை வியாதி."

சகுந்தலாவுக்குப் புரிஞ்சு போச்சு. இந்த மனுஷனுக்கும் தெரியும்.

"அற்புதமா இருக்கும்மா"ன்னாரு சப்-கலெக்டர். வச்சலா ரெண்டாவது தடவை ஊத்தினா. தலைவருக்கு மூணாவது.

பூவராகவன் நோட்டை எடுத்தாரு. "எண் ஒண்ணு. இதைத் திருப்பிப் பாக்க முடியாது, உள்ள பாயசம் இருக்கு. அந்தம்மாவையே கேக்கறேன். இது என்னம்மா?"

கூடமே சகுந்தலாவைத் திரும்பிப் பாத்துச்சு. சிவப்பிரகாசம் கண்ணாலேயே ரூம் சாவியக் காட்டினாரு.

அவ வாயத் தொறக்கறதுக்குள்ள ராமானுஜம் குறுக்க வந்தான். "சார், அவங்களைப் போய் கேக்கறீங்களே. வூட்டு வேலை செய்யறவங்க சார் அவங்க."

பூவராகவன் சிவப்பிரகாசத்துகிட்ட திரும்பினாரு. "உங்க வூட்டுல வேலை செய்யறவங்களா? நான் உங்க குடும்பம்னு நெனைச்சேன். இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

சிவப்பிரகாசம் சப்-கலெக்டரைப் பாத்தாரு. தங்கச்சியோட ஈரச் சேலையப் பாத்தாரு. டம்ளர் கழுவின கையப் பாத்தாரு.

"தூரத்து உறவு"ன்னாரு.

சகுந்தலா மூக்கு நுனி வேர்வையத் தொடைச்சுக்கினா. கோவமே வரல அவளுக்கு. இருபது வருஷமா எதுக்குக் காத்துக்கினு இருந்தோம்னு மட்டும் தெரிஞ்சிடுச்சு.

"தூரம்தான் சார். கூடப் பொறந்த தூரம்"னா. "நீங்க கேட்டதுக்குச் சொல்றேன். இது பாயசப் பாத்திரம் இல்ல. வெள்ளைக்காரங்க ராத்திரிக்குக் கட்டிலுக்கடியில வெச்சுக்கறது. காலையில ஆள் வந்து எடுத்துக்கினு போயி கொட்டுவாங்க. ஆஸ்பத்திரியில மேட்ரனம்மாவுக்கு ஆறு வருஷம் நான்தான் கொட்டினேன். இதே சைசு, இதே கைப்பிடி. அதுல பூ ரோஸ் கலரு. இதுல நீலம்."

வச்சலா கையில கரண்டி அப்படியே நின்னுச்சு. அதுலேர்ந்து ஒரு முந்திரிப் பருப்பு மட்டும் பட்டுத் துணியில விழுந்துச்சு.

சப்-கலெக்டர் டம்ளரை மெதுவா டேபிள்ல வெச்சாரு. "எக்ஸ்கியூஸ் மீ"ன்னுட்டு கொழாயடியத் தேடிப் போனாரு.

ரைஸ் மில் தலைவரு மட்டும் கேட்டாரு. "கழுவியிருப்பாங்கல்ல?"

"அபாண்டம்"னு ராமானுஜம் கத்தினான். "இதுக்கு ஆதாரம் இன்னா?"

"ஆதாரம் தேவையில்ல, தம்பி"ன்னாரு பூவராகவன். நோட்டுல எழுதிக்கினே பேசினாரு. "அது அதுதான். நல்ல பீஸ். தொண்ணூறு, நூறு வருஷம் இருக்கும். விளிம்பு உடையாம கெடைக்கறது கஷ்டம். கார்டை மட்டும் மாத்தி எழுதுங்க. பாயசத்தையும் எடுத்துடுங்க."

அப்புறம் சகுந்தலாகிட்ட கேட்டாரு. "இந்த வூட்டை உங்கப்பா வாங்கின கதை தெரியுமா உங்களுக்கு?"

"பாதி தெரியும் சார். முழுசா எங்க அத்தைக்குத்தான் தெரியும். எல்லம்மாள்னு பேரு. அப்பாவுக்கு அக்கா. சதுராஸ்ல இருக்காங்க."

"செத்துப் போயிட்டாங்கன்னு மாமா சொன்னாரே"ன்னு ராமானுஜம் வாயத் தொறந்து தொலைச்சான்.

"போன வாரம் கூட வாளைக் கருவாடு குடுத்தனுப்பினாங்க"ன்னா சகுந்தலா.

பூவராகவன் குடைய எடுத்துக்கினாரு. "திங்கக்கிழமை மறுபடியும் வரேன். அந்த அத்தைய நான் பாக்கணும். காப்பாளர் யாருன்னும் அன்னிக்கு எழுதிக் குடுங்க. ஒரு சாமானோட அடி தெரிஞ்ச ஆள் கூட இல்லாத இடத்தை நான் மியூசியம்னு எழுத முடியாது."

சொல்லிட்டு முன்வாசல் வழியா போனாரு. மேளக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய மனுஷன் போறாருன்னு வாசிச்சான்.

ரெண்டு மணிக்கெல்லாம் வூடு காலியாயிடுச்சு. சிவப்பிரகாசம் நாற்காலியில மாலைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு.

"பன்னீரு, இவளை வேன்ல ஏத்து. என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது."

"நீ குடுக்கறேன்னு சொன்ன ரூமு?"னு சகுந்தலா கேட்டா.

"ரூமா? நாய்க்குக் குடுப்பேன்."

"வாக்கா, போவலாம்"னான் பன்னீர்செல்வம். "விடு. பேஜாரு புடிச்ச வூடு இது."

அப்பத்தான் சமையல்கட்டுலேர்ந்து வச்சலா வந்தா. பட்டுப்புடவைய அவுத்துப் போட்டுட்டு நூல் புடவையில வந்திருந்தா. மூஞ்சி கழுவியிருந்தா. அழுதிருந்தா, தெரிஞ்சுது.

"எத்தினி வருஷமா தெரியும் உனக்கு?"

"இருபது வருஷம் ஆவப் போவுது."

"ரத்னா கல்யாணத்துல?"

"தெரியும்."

"சம்பந்தி ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாரு."

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"நீ அன்னிக்குக் குடிக்கல."

"எனக்கு யாரும் குடுக்கல, அண்ணி."

வச்சலா அவளையே பாத்துக்கினு நின்னா. ஆனா வச்சலா அந்த வூட்டுலேயே மூளை இருக்கற மனுஷி, அதை யாரும் மறுக்க முடியாது. அழுத நேரத்துலயும் அவ ஒரு கணக்குப் போட்டிருந்தா.

"பன்னீரு"ன்னு கூப்புட்டா. "உங்க கல்பாக்கத்துல எத்தினி குடும்பம் கீது?"

"குவார்ட்டர்ஸ்லயா? கீது அண்ணி, நெறைய. எதுக்கு?"

"எந்த ஊருக்காரங்க?"

"எல்லா ஊரும்தான். திருநெல்வேலி, கோயமுத்தூரு, திருச்சி, மதுரை. எங்க லைன்ல மட்டும் எட்டு ஊரு."

"லீவு வுட்டா அவங்கவங்க ஊருக்குப் போவாங்கல்ல?"

"போவாம?"

"சாயந்தரம் பொம்பளைங்கல்லாம் வெளிய உக்காந்து பேசுவாங்கல்ல?"

"அதுதானே அண்ணி அங்க பொழுதுபோக்கே."

வச்சலா புருஷனைத் திரும்பிப் பாத்தா. கலைக்காவலருக்கு எதுவும் கொஞ்சம் லேட்டாத்தான் ஏறும். மாலையில இருந்த ஒரு பூவைப் பிச்சாரு. இன்னொண்ணு பிச்சாரு. மூணாவது பூவுல மூஞ்சி மாறிச்சு. திருநெல்வேலியில ஒரு வூட்டுல, கோயமுத்தூர்ல ஒரு வூட்டுல, முன்ன பின்ன பாக்காத ஜனமெல்லாம் செங்கல்பட்டு இருசப்பன் வூட்டுப் பாயசத்தைப் பத்தி சிரிக்கறது அவரு காதுல விழுந்துடுச்சு.

"டிரங்கை எறக்கு"ன்னாரு.

"அண்ணே, லதாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"எறக்குடான்னா."

இப்படித்தான் சகுந்தலாவுக்கு ரூம் கெடைச்சுது. பாசத்தாலயும் இல்ல, நியாயத்தாலயும் இல்ல. வெளிய வுட்டா பேசிடுவாளேங்கற பயத்தால. அவளுக்கும் அது தெரியும். நன்றின்னு ஒரு வார்த்தை அவ வாயிலேர்ந்து வரல.

டிரங்கை எறக்கி வெச்சதும் அவளே போயி வேனோட முன் சீட்டுல ஏறி உக்காந்தா.

"இன்னாக்கா, எறங்குன்னா ஏறுற?"

"நீ எப்படியும் அந்தப் பக்கம்தானே போற. என்னைச் சதுராஸ்ல வுடு. நாலு நாள் இருந்துட்டு அத்தையக் கூட்டிக்கினு வரேன். திங்கக்கிழமை ஆபீசரு வராரு."

சிவப்பிரகாசம் எழுந்து வாசலுக்கு ஓடி வந்தாரு. மாலை கீழ விழுந்துச்சு. "அவங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"ஆபீசர்கிட்ட சொல்லு அண்ணே. நான் தூரத்து உறவு, என்கிட்ட எதுக்குச் சொல்ற"ன்னா சகுந்தலா. "எடுடா வண்டிய."

வேன் தெரு முனையில திரும்பற வரைக்கும் அவரு கல்லு மாதிரி நின்னாரு.

வச்சலா பின்னாடி வந்து நின்னா. "இன்னாத்துக்கு இப்படி பயப்படறீங்க? மீன்காரக் கெழவி. வந்தா வரட்டும், ரெண்டு புடவை எடுத்துக் குடுத்து அனுப்பிடலாம். அவங்களுக்கு இன்னா தெரிஞ்சுடப் போவுது?"

சிவப்பிரகாசம் வாசல் சுவத்துல பதிச்ச கல்லைப் பாத்தாரு.

"இந்த வூடு யாரு பேர்ல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்"னாரு.